இன்குபேட்டருக்குள் இருந்த ரெக்கார்டு நோட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட படிப்பு வழிகாட்டியில் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு நாலே வரி. அதில் ஒரு வரி, 'இயற்கையை நேசிக்கும் மாணவர்களுக்கு ஏற்றது.' சாயக்கழிவு நீரைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பதின்மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த வரியை மட்டும் நம்பி யாரும் பிள்ளையைச் சேர்த்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகள் இந்தப் படிப்பில்தான் சேர்ந்தாள். "எல்லாரும் படிக்கிற ஒரு பேப்பர்தானே அது, அதையே மூணு வருஷம் படிக்க என்ன இருக்கு?" என்று பி.காம். முடித்த அவள் அண்ணன் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையொட்டி, பின்னாளில் எல்லாப் பட்டப்படிப்புகளிலும் சுற்றுச்சூழல் தாள் கட்டாயமானது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நோட்ஸைப் புரட்டித் தேறிய தாள் என்றுதான் பலருக்கும் அது ஞாபகம். இந்தப் படிப்பு வேறு. வேதியியல் நிறைய, நுண்ணுயிரியல், புள்ளியியல், கொஞ்சம் சட்டம். மரக்கன்று படத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே முழிப்பார்கள்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். இரண்டாம் வருட லீவில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தவளிடம் பி.ஓ.டி. சோதனை (தண்ணீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று பார்ப்பது) செய்திருக்கிறாயா என்று கேட்டேன். "ரெக்கார்டுல படம் வரைஞ்சிருக்கேன் மாமா" என்றாள். அந்தச் சோதனைப் பாட்டில்களை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் இன்குபேட்டர் கல்லூரியில் இருக்கிறதாம். ஓடாததால் அதற்குள் பழைய ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம்!

மறுநாள் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு பாட்டில், நொய்யலில் சாக்கடை கலந்து தேங்கும் இடத்தில் ஒரு பாட்டில். உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் பிடிக்க அவளுக்கு நாலு தடவை ஆயிற்று. அங்கேயே மாங்கனீஸ் சல்பேட்டும், அயோடைடு கலந்த காரக் கரைசலும் விடச் சொன்னேன். வாய்க்கால் தண்ணீரில் பழுப்பாகத் திரண்டது. நொய்யல் தண்ணீரில் வெள்ளையாகவே நின்றது. "எதையாவது ஊத்த மறந்துட்டேனா மாமா?" என்றாள். மறக்கவில்லை. ஆக்சிஜன் இருந்தால்தான் பழுப்பாகும். அந்தப் பாட்டிலைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடப் பாடம் அந்த அரை மணி நேரத்தில்தான் அவளுக்குள் இறங்கியது என்பேன்.

திரும்பும்போது ஒரத்துப்பாளையம் அணை வழியாக வந்தோம். பாசனத்துக்காக 1992-இல் கட்டியது, சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியாகிப்போன கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாமல் மொத்தமும் சுத்திகரித்துக் காட்டினால்தான் திறக்கலாம் என்றானது. என்னைப் போன்றவர்களுக்கு வேலை வந்ததே அப்படித்தான்.

ஆக, வேலை இருக்கிறது. ஆனால் எங்கள் ஆய்வகத்துக்கு ஆள் எடுத்தபோதுகூட நோட்டீஸில் 'பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி' என்றுதான் போட்டார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் படித்த பையன் ஒருவன் வந்தான். கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டில் கை நடுங்கியது, அனுப்பிவிட்டார்கள். தப்பு அவன் மேலா? அதனால் அடுத்த வருட வழிகாட்டியில் இதையும் சேர்த்துப் போடுங்கள்: அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் ஆய்வகத்தைக் காட்டச் சொல்ல வேண்டும், இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் பாட்டில் இருந்தால் சேர்க்கலாம். நோட்டு இருந்தால் வேறு கல்லூரி பார்க்கலாம்.

பி.ஓ.டி. பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வியாழக்கிழமை வைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டும். அக்கா மகள் இப்போது வேறு ஊரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். போன ஞாயிறு போன் செய்தபோது, "அப்புறம் பேசறேன் மாமா, பாட்டில் எடுக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
நீர் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
சென்னிமலை.