சிவராத்திரி இரவில் பூசம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
22.02.2026

அன்பின் குகன்,

உன் கடிதம் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய கமராவும் 70-300 மில்லிமீற்றர் லென்ஸும் கையில் இருக்க, இனி ஒரு தொலைநோக்கியும் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். என்னிடம் இருப்பதும் அதே வகை லென்ஸ்தான் என்பதால், அமாவாசையை ஒட்டி ஓர் இரவு முறையாகப் படம் எடுத்துப் பார்த்துவிட்டே பதில் எழுதுவது என்று இருந்துவிட்டேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள். தொலைநோக்கி வேண்டாம், இந்த ஆண்டு முழுவதற்கும் உன் லென்ஸே போதும்.

தைப்பூசத்தன்று முழுநிலா பூசத்தோடு சேர்ந்து நிற்கும் என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்தப் பூசம் எப்படி இருக்கும் என்று நாம் யாரும் பார்த்ததில்லை. அன்றைய நிலவொளியில் அது அடியோடு மறைந்துவிடும். கொழும்பு வானத்திலோ மற்ற இரவுகளிலும் வெறுங்கண்ணுக்கு எட்டாது. கடக ராசியின் நடுவே, முழுநிலாவைப் போல மூன்று மடங்கு அகலத்தில் அங்கே ஒரு நட்சத்திரக் கொத்து இருக்கிறது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 600 ஒளியாண்டு தொலைவு. நல்ல இருண்ட வானத்தில் வெறுங்கண்ணுக்கு ஒரு சிறு மங்கல் மேகம்போலத் தெரியும் அதில் 40க்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் இருப்பதைத் தன் தொலைநோக்கியால் கண்டு 1610இல் உலகுக்குச் சொன்னவர் கலிலியோ. அதையே படம் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

15ஆந் திகதி சிவராத்திரி. வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போன பிறகு கமரா முக்காலியையும் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். நிலா விடியும் தறுவாயில்தான் எழும் என்பதால், சிவராத்திரியைப் போல இந்த வேலைக்குப் பொருத்தமான இரவு வேறில்லை. பூசம் இரவு 11 மணியளவில் நம் உச்சிக்குச் சற்று வடக்கே வந்துவிடுகிறது. உச்சி வானம்தான் கொழும்பில் ஓரளவாவது கறுப்பாக இருக்கும் பகுதி. இங்குள்ள காலி வீதி எனும் பெருந்தெருவின் விளக்குகள் எழுப்பும் மஞ்சள் புகைச்சல் அடிவானத்திலிருந்து வெகு உயரத்துக்கு ஏறி நிற்கிறது.

நகரத்தில் இருப்பவனுக்கு நம்முடையதைப் போலத் தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ்தான் உற்றது என்று நான் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு, அதை நீ நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நட்சத்திரம் ஒரு புள்ளி. அதன் ஒளியை எவ்வளவு சேர்க்கலாம் என்பது லென்ஸின் துளை எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்பதைப் பொறுத்தது. வானத்தின் வெளிச்சமோ பரந்து கிடப்பது. அது படத்தில் எவ்வளவு ஏறும் என்பதை எஃப் எண்ணே, அதாவது லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணே, தீர்மானிக்கிறது. அகலக் கோண லென்ஸின் 18 மில்லிமீற்றரில் எஃப் 3.5 என்றால் துளை 5 மில்லிமீற்றர். 200 மில்லிமீற்றரில் எஃப் 5 என்றால் 40 மில்லிமீற்றர். அதாவது ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியும் சுமார் 60 மடங்கு கூடுதலாக வந்து சேர, நகரத்தின் வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாகப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அகலக் கோண லென்ஸை வைத்துக்கொண்டு கொழும்பு வானத்தோடு மல்லுக்கட்டி நான் வீணாக்கிய மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

குவியம் சரியாக அமைய வேண்டும் என்பது முதல் பாடம். லென்ஸில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்பாதே. இந்த லென்ஸ்கள் முடிவிலியையும் தாண்டிச் சுழலும். இப்போது மிதுன ராசியில் வியாழன் பளிச்சென்று நிற்கிறது. அதைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, குவிய வளையத்தை ஒரு மயிரிழை அப்பால், ஒரு மயிரிழை இப்பால் என்று திருப்பினேன். வீங்கிய ஒளிப்பந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அதன் பக்கத்தில் வியாழனின் நிலவுகள் ஊசிமுனைப் புள்ளிகளாகப் பிரிந்து நின்றன. அந்த இடத்திலேயே வளையத்தை ஒட்டுத்தாளால் ஒட்டிவிட்டேன். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை முக்காலியில் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே படத்தை அசைத்துவிடும்.

அடுத்து, பூமியின் சுழற்சி. 200 மில்லிமீற்றரில் 2 செக்கன் திறந்து வைத்தாலே நட்சத்திரங்கள் சின்னக் கோடுகளாகிவிடுகின்றன. ஆகவே கமராவின் ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 1600இல் வைத்து அரைச் செக்கன் வீதம் 400 படங்கள் எடுத்தேன். பூசம் படச் சட்டத்தை விட்டு மெல்ல நழுவும் என்பதால் நூறு படத்துக்கு ஒருமுறை முக்காலியின் தலையைத் திருப்பி மறுபடி நடுவில் கொண்டுவந்தேன். கமரா ஏறக்குறைய நேர் மேலே பார்த்து நின்றபடியால், பாயில் மல்லாந்து படுத்துத்தான் திரையைப் பார்க்க முடிந்தது. கீழே கடலோரத் தண்டவாளத்தின் அப்புறத்தில் அலை அடிப்பதும், மேலே ஷட்டர் அரைச் செக்கனுக்கு ஒருமுறை தட்டுவதும் தவிர வேறு சத்தமில்லை.

ஒரு படத்தைத் தனியே பார்த்தால் சாம்பல் நிறத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள் மட்டும் இருக்கும், மனம் தளரவேண்டாம். ரோ கோப்புகளாக, அதாவது கமரா பதிந்த தரவை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புகளாக எடுத்து, லென்ஸை மூடியபடி எடுத்த சில இருட்டுப் படங்களையும் சேர்த்து, சிரில் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால், அது நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கிவிடும். 400 படங்களை அடுக்கும்போது இரைச்சலோடு, அதாவது படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகளோடு, ஒப்பிட்ட ஒளியின் வலிமை 20 மடங்கு உயர்கிறது. 400இன் வர்க்கமூலம்தான் அந்த 20. அடுக்கி முடிந்து வானத்தின் பின்னணியைக் கழித்தபோது திரையில் பூசம் நிறைந்திருந்தது, குகன். பெரும்பாலானவை நீலம் கலந்த வெள்ளை. இடையிடையே நான்கைந்து மட்டும் செம்மஞ்சள். கோயிலிலிருந்து திரும்பிய மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உன் லென்ஸை அலுமாரியில் வைக்காதே. என் முதல் லென்ஸ் அப்படித்தான் உள்ளே பூஞ்சணம் படர்ந்து பாழாயிற்று. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துக்கொள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போதும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடு. இல்லாவிட்டால் கண்ணாடி முழுவதும் பனித்துவிடும்.

மழையைப் பற்றியும் யோசித்தேன். வைகாசி தொடங்கினால் தென்மேற்குப் பருவ மேகம் எங்கள் வானத்தை மூடிவிடும். அப்போது உங்கள் மட்டக்களப்பில் வானம் திறந்திருக்கும். ஆனியிலும் ஆடியிலும் இரவில் உயர்ந்து நிற்கும் விருச்சிகமும் தனுசும் எனக்கு இங்கே கிடைப்பதே இல்லை. கல்லடிக் கடற்கரையில் தென்கிழக்கே திரும்பி நின்றால் உனக்கு முன்னால் இருண்ட கடல் மட்டுமே இருக்கும். விருச்சிகத்தின் வால் நுனியில் இருக்கும் மூல நட்சத்திரத்துக்குச் சற்று வடகிழக்கே, பூசத்தைப் போலவே ஒரு பெரிய கொத்து உண்டு. பண்டைய வானியலாளர் தொலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தது அது. அதை 200 மில்லிமீற்றரில் 400 படம் எடுத்து, அடுக்காமல் ரோ கோப்புகளாகவே எனக்கு அனுப்பிவிடு. அடுக்கும் வேலையை இங்கே நான் செய்துவைக்கிறேன். அதுவரை வியாழனில் குவியம் பழகிக்கொள். வைகாசியிலும் மாலையில் மேற்கே தெரியும்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரகு