மகளிர் வாசிப்புச் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவி அவர்களே, சங்கச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு புனிதரை எடுத்துக்கொண்டு மாதக் கூட்டங்களில் அவருடைய வாழ்க்கையைப் படித்துப் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு, பெண் கல்விக்காகத் திரு இருதய சபையைத் தொடங்கிய புனித மதலேன் சோஃபி பாராவை எடுத்துக்கொண்டோம். சிறுமலர் தெரேசாளும் மரிய வியான்னியும் புனிதர் பட்டம் பெற்ற அதே 1925 மே மாதத்தில், 24ஆம் நாள், இவருக்கும் பட்டம் வழங்கப்பட்டது. அந்த இருவரின் சுரூபம் இல்லாத கோவிலைக் காண்பது அரிது. பாராவின் பெயரோ நம்மில் பலருக்குப் புதிது. இத்தனைக்கும் நம் பெங்களூரில் பேலஸ் சாலையில் இருக்கும் சோஃபியா பள்ளி இவருடைய சபையினர் தொடங்கியதுதான். மும்பை சோஃபியா கல்லூரியும் அப்படியே.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் ஜுவாஞி ஊரில் 1779 டிசம்பரில் பிறந்தார். தந்தை மரப்பீப்பாய் செய்பவர். கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உண்டு. குருத்துவப் பயிற்சியில் இருந்த அண்ணன் லூயி, வீட்டிலேயே தங்கைக்கு லத்தீனும் கணிதமும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. தங்கை தன் கையால் தைத்துக் கொடுத்த பரிசை அவர் நெருப்பில் போட்டதாகச் சொல்வார்கள். இதைப் படித்த அன்று கூட்டத்தில் பாடம் மேலே நகரவில்லை. “அண்ணன் படிக்க வைத்ததால்தானே சபை வந்தது” என்று ஒரு தரப்பு. “படிப்புக்கு இப்படி விலை வைப்பதா” என்று மறுதரப்பு. நான் இரண்டாம் தரப்பு. பாரா தம் மாணவிகளிடம் கனிவையே வற்புறுத்தினார் என்பதை என் பக்கச் சான்றாகக் குறிப்பேட்டில் சேர்த்திருக்கிறேன்.

பிரெஞ்சுப் புரட்சியில் துறவற இல்லங்கள் மூடப்பட்டன; அவற்றோடு பெண் பிள்ளைகள் படித்துவந்த பள்ளிகளும் போயின. கார்மேல் மடத்தில் சேர விரும்பியிருந்த பாரா, அருட்தந்தை வாரேனின் சொல்லை ஏற்று, 1800 நவம்பர் 21 அன்று பாரிஸில் தோழியர் சிலருடன் அர்ப்பணம் செய்துகொண்டார். திரு இருதய சபையின் தொடக்கம் அது. மறு ஆண்டே அமியான் நகரில் முதல் பள்ளி. 1806இல் நடந்த தேர்தலில் அவர் தலைமை அன்னையானது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். பிறகு 1865இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பு அவரை விடவில்லை. நம் சங்கத் தேர்தலில் பெயர் கொடுக்கத் தயங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

புதுமைகளை, அதாவது அற்புதங்களை, தேடியவர்களுக்கு இவருடைய வரலாறு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அப்படி இல்லை. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதியவர் இவர். கட்டடம், கடன், சண்டையிடும் தலைவிகள், நோயாளிச் சகோதரிகள், ஆயர்களுடன் மனத்தாங்கல் என்று ஓயாத நிர்வாகம். 1839இல் சபை விதிகளை மாற்றியபோது ஏறக்குறைய சபையே இரண்டாகப் பிளக்கப் பார்த்தது. திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் தலையிட்டு 1843இல் பழைய விதிகளுக்கே திருப்பினார். அந்த நான்கு ஆண்டுகளும் பாரா பெரும்பாலும் பொறுமையாகவே இருந்தார். அது பலவீனமா, விவேகமா என்பதை நம் கூட்டத்தால் முடிவு செய்ய இயலவில்லை.

இவ்வாண்டின் மிக நீண்ட விவாதம் பள்ளிகளைப் பற்றியது. உயர்குடிப் பெண்களுக்குக் கட்டணம் வாங்கும் விடுதிப் பள்ளி, அதனருகிலேயே ஏழைச் சிறுமிகளுக்கு இலவசப் பள்ளி என்பது பாராவின் முறை. பணக்காரப் பெண்களைப் பயிற்றுவித்தால் குடும்பங்கள் வழியே சமூகம் மாறும் என்று அவர் நம்பினார். பாரிஸில் 1820இல் வாங்கிய பிரோன் மாளிகை அத்தகைய விடுதிப் பள்ளி. பிற்காலத்தில் அது சிற்பி ரோதேனின் அருங்காட்சியகமாயிற்று. ஒரு பிள்ளைக்காக மட்டுமென்றாலும் இந்தச் சபையைத் தொடங்கியிருப்பேன் என்று அவர் கூறியதாகச் சபை மரபு போற்றுகிறது. அந்த ஒரு பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாள் என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஒரே வளாகத்தில் ஆங்கில வழிக்கு ஒரு வாசல், தமிழ் வழிக்கு மற்றொரு வாசல் என்று இருந்த பள்ளியில் படித்தவர் அவர். இலவசப் பள்ளி இல்லாவிட்டால் அந்தச் சிறுமிகளுக்கு எழுத்தே கிடைத்திருக்காது என்பது உண்மை. அவருடைய கேள்விக்கு அது முழு விடை இல்லை என்பதும் உண்மை.

1818இல் கடல் கடந்து மிசூரியின் செயிண்ட் சார்ல்ஸில் இலவசப் பள்ளி திறந்த புனித பிலிப்பீன் டுஷேன் இவருடைய தோழி. அமெரிக்காவில் சபையின் தொடக்ககால இல்லங்களில் அடிமைகளும் உழைத்தார்கள். அண்மை ஆண்டுகளில் சபையே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவர்களுடைய சந்ததியினரைத் தேடிச் சந்தித்தது. புனிதர் வரலாற்றில் இதைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளித்தனர். பேசினோம். குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறேன்.

மற்றவை: பாராவின் திருநாளான மே 25 இவ்வாண்டு ஞாயிறன்று வந்ததால் திருப்பலிக்குப் பின் கூடினோம். மழை மாதங்களில் வருகை குறைந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இரவல் வாங்கிய நூல்களைத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் என்னிடம் உள்ளது, இங்கே படிக்கவில்லை. வரும் ஆண்டுக்கு, பாராவுடன் அதே நாளில் பட்டம் பெற்ற மரி மதலேன் போஸ்தெலை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. அவரும் பெண் கல்விக்காக உழைத்தவர். மாற்று யோசனை உள்ளவர்கள் இன்றே தலைவியிடம் எழுதிக் கொடுக்கவும்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்