நில மாற்றத்துக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காட்டையோ புல்வெளியையோ வேறொன்றாக மாற்ற அனுமதி கேட்டு உங்கள் மேசைக்கு வரும் கோப்பில் பெரும்பாலும் ஒரு பறவைப் பட்டியலும் இருக்கும். இத்தனை இனங்கள் தென்பட்டன, இத்தனை அழியும் நிலையில் உள்ளன என்று. அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மரங்களை வெட்டி வயலும் வீடுமாக ஆக்கிய இடத்திலும் பறவைகள் இருக்கத்தான் செய்யும். காகமும் மைனாவும் புறாவும் எங்கும் பிழைத்துக்கொள்ளும். காணாமல் போவது வேறு வகை: நிழலான தரையில் பூச்சி பொறுக்குபவை, பட்ட மரத்துப் பொந்தில் குடியிருப்பவை, பெரிய பழங்களை விழுங்குபவை. இருவாச்சி இல்லாத காட்டில் பெரிய கொட்டையுள்ள மரங்களின் விதையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட ஆள் குறைவு. சின்ன அலகுக்குள் அது நுழையாது. மரம் நிற்கும், கன்றுகள் குறைந்துகொண்டே வரும்.

"காட்டில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிடுகிறோம்" என்ற உறுதிமொழியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது, 1914 வாக்கில் பாரோ கொலராடோ என்ற குன்று தீவாகிப்போனது. அங்கே காடு பத்திரமாக இருக்கிறது, ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அப்படியும் காட்டுப் பறவைகளில் டஜன் கணக்கான இனங்கள் அங்கிருந்து மறைந்தன. ஏன் திரும்பி வரவில்லை? அதே ஏரியில் படகிலிருந்து பறவைகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அடர்காட்டுக்குள் வாழும் சில இனங்களால் நூறு மீட்டர் தண்ணீரைக்கூடத் தாண்ட முடியவில்லை. இறக்கை இருந்தால் பறந்து வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அகலச் சாலையும் வெட்டவெளியும் இப்படிப்பட்ட பறவைக்கு ஏரி மாதிரிதான்.

சரி, நாலு இனம் குறைந்தால் என்ன? நல்ல வருஷத்தில் ஒன்றும் தெரியாது. புழு தின்னும் பறவைகள் பல வகை இருந்தால், வறட்சியில் ஒன்று சோர்ந்தாலும் இன்னொன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால், அது படுத்ததும் புழு பெருகும். கோஸ்டா ரிகாவின் காப்பித் தோட்டங்களில் சில செடிகளுக்கு வலை போட்டுப் பறவைகளைத் தடுத்துப் பார்த்தார்கள். பறவைகள் வந்துபோன செடிகளில் காய்த்துளைப்பான் தாக்குதல் ஏறத்தாழ பாதிதான். அந்தப் பூச்சியைத் தின்னும் பறவைகளும் அருகில் காட்டுத் துண்டுகள் இருந்த தோட்டங்களில்தான் அதிகம். காட்டை விட்டுவைத்தது விவசாயிக்கு லாபம்.

இன்னொன்று. புல்வெளியை அழித்துவிட்டு, ஈடாக வேறொரு புல்வெளியில் மரம் நடுகிறார்கள். இரட்டை நஷ்டம் இது! வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு சுமார் 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. புல்வெளிப் பறவைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 1970-ல் இருந்ததில் பாதிக்கும் மேல் போய்விட்டன.

எனவே, ஒரே பருவத்தில் எடுத்த பட்டியலை ஏற்காதீர்கள், வலசை வருபவை அதில் விடுபட்டுப்போகும். எந்தப் பறவை அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். துண்டுக் காடுகளுக்கு இடையே மரத்தொடர் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள். அப்புறம், பாதிப்பு உடனே தெரியாது என்பதால், வேலை முடிந்து பத்து வருஷமாவது கணக்கெடுக்கும் செலவை அனுமதி கேட்பவர் தலையிலேயே கட்டுங்கள்.

இப்படிக்கு,
பறவை பார்க்கும் ஒருவர்