கீழ் போர்ஷன் தம்பிக்கு, பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

லீவு விட்டாச்சு, பிள்ளைகளுக்குப் பெயின்ட் கொடுக்கலாம் என்றாய். நல்ல யோசனை. ஆனால் காசிமேட்டில் படகுக்கு அடித்து மிஞ்சிய இனாமலையே கொடுக்கலாமா என்று கேட்டாயே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். கையில் பட்டால் டர்பன்டைன் போட்டுத் தேய்க்க வேண்டும். போதாததற்கு ஈயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கை (90 பிபிஎம்) தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உன் பரணில் கிடக்கும் டப்பாக்கள் எந்தக் காலத்தவையோ! சின்னவன் இன்னும் விரலை வாயில் வைக்கிற வயசு.

அவனுக்கு இப்போதைக்குப் பெயின்டே தேவையில்லை. புதுசாக ஒரு ரெண்டு இஞ்ச் பிரஷ் வாங்கு. மூன்று வயதுப் பிள்ளை முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கும், மெல்லிய பிரஷ் சரிப்படாது. ஒரு மக்கில் தண்ணீர், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். நனைந்த சிமென்ட் கறுக்கும், வெயிலில் காய்ந்ததும் மறையும், மறுபடி அடிப்பான். லாரித் தண்ணீர் வராத நாளிலும் ஒரு மக்குக்குப் பஞ்சமில்லை.

பெரியவளுக்கு மஞ்சள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துத் தாள் முழுக்கப் பூசச் சொல். பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு, துணி சோப்பைக் கரைத்த தண்ணீரில் காது குடையும் பட்ஸைத் தொட்டு அதன் மேல் கோடு போடட்டும். தொட்ட இடமெல்லாம் குப்பென்று சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே சங்கதி: மஞ்சளில் இருக்கும் குர்குமின், சோப்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரத்தன்மை பட்டால் நிறம் மாறும். சுண்ணாம்பை மட்டும் அவள் கையில் கொடுக்காதே, கண்ணில் பட்டால் ஆபத்து. எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தால் சிவப்பு திரும்ப மஞ்சளாகிவிடும். இதை நீ முதலில் சொல்லிவிடாமல் இருந்தால் நல்லது.

அச்சுக்கு வெண்டைக்காய். காம்பை ஒட்டி அரை விரல் விட்டு நறுக்கு, காம்பே பிடி. வழவழப்பைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சில் ஊற்றிய கலரில் தொட்டு அழுத்தினால் ஐந்து மூலைப் பூ விழும். மெழுகுவர்த்தியால் வெள்ளைத் தாளில் படகு வரைந்து மேலே நீல வாட்டர் கலர் பூசினால், மெழுகு பட்ட இடத்தில் கலர் ஒட்டாமல் படகு வெள்ளையாகத் தெரியும்.

கலர் வாங்குவதாக இருந்தால் வாட்டர் கலரோ போஸ்டர் கலரோ வாங்கு. அக்ரிலிக் வேண்டாம், துணியில் காய்ந்துவிட்டால் போகாது, வீட்டில் திட்டு வாங்குவது நீதான்.

இன்னொன்று. நீ படகில் பெயர் எழுதுகிற ஆள், கோடு பிசகினால் உன் கை சும்மா இருக்காது. பிள்ளைகள் வரையும்போது அந்தக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள். படகு தலைகீழாக இருந்தாலும் சரி. “இது என்ன?” என்றுகூடக் கேட்காதே, அவர்களாகவே சொல்வார்கள்.

மாடிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் தரை சுடும், அதற்குள் அனுப்பு.

அன்புடன்,
மேல் வீட்டு அக்கா