கதை மட்டும் படிச்சா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் பொண்ணு மூணாங்கிளாஸ், கதைன்னா கடகடன்னு படிச்சிடுவா, ஆனா மண்புழு பத்தி ஒரு பக்கம் குடுத்தா எழுத்து எல்லாத்தையும் தப்பில்லாம வாசிச்சிட்டு "என்ன புரிஞ்சுது"ன்னு கேட்டா முழிக்கிறா. சின்ன வகுப்பு பசங்களுக்கு வாசிக்கவும் கணக்கு போடவும் வரணும்னு தமிழ்நாடு அரசு 2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டம், அப்புறம் நுழை, நட, ஓடு, பறன்னு வாசிக்கிற திறமைக்கேத்த மாதிரி நாலு படியா பிரிச்சு வந்த வாசிப்பு இயக்கம் புக்ஸ் எல்லாம் நல்ல முயற்சிதான், மனசார சொல்றேன். ஆனா வீட்ல நாம வாங்கிக் குடுக்கிறது பெரும்பாலும் ராஜா கதையும் நரி கதையும்தானே?

தகவல் புக்கை கதை மாதிரி ஒரே மூச்சில படிக்க முடியாதுங்க. நான் இப்போ பண்றது, முதல்ல படத்தை மட்டும் பாக்க சொல்றேன், மண்புழு பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேக்கறேன், தலைப்பையும் படத்துக்கு கீழ இருக்கிற சின்ன எழுத்தையும் சேர்ந்து படிக்கிறோம், "சுவாசம்" மாதிரி வார்த்தை வந்தா நிறுத்தி மூச்சு விடறதுதாண்டான்னு சொல்லிட்டுதான் அடுத்த வரிக்கே போறோம். மண்புழு தோல் வழியாதான் மூச்சு விடும்னு படிச்ச அன்னிக்கு, தொட்டியில ஒண்ணை தேடி எடுத்து, ஏன் ஈரமா இருக்குன்னு தாத்தாவுக்கு அவளே விளக்கினா, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

உங்க பேப்பர்ல வாரம் ஒரு அரைப்பக்கம், பெரிய எழுத்துல, சின்ன வாக்கியத்துல, பாகம் குறிச்ச படத்தோட, எறும்பு, மழை, தபால் எப்படி வருதுன்னு இந்த வயசு பசங்களுக்காக போடுங்களேன். வெட்டி நோட்ல ஒட்ட நாங்க ரெடி.

ஒரு அம்மா, திருச்சி