வலி எவருடைய கருத்தும் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் இல்லையென்றால் நன்மை தீமை என்ற சொற்களுக்கே பொருள் கிடையாது என்று வாதிட்ட கட்டுரையும், அதை மறுத்து, அறம் என்பது மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமே, அதில் உண்மை பொய் என்று எதுவும் இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதமும் உங்கள் நாளிதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. இரண்டையும் பொறுமையாகப் பலமுறை படித்தேன். கட்டுரையாளர் கடவுளைக் கொண்டு அறத்தை நிறுத்துகிறார். வாசகர் கடவுளை எடுக்கும்போதே அறத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார். கடவுளின் பிடி விட்டால் அறம் விழுந்துவிடும் என்பதில் இருவரும் ஒரே கட்சிதான். எனக்கு உடன்பாடு இல்லாதது அந்த இடத்தில்தான். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். 35 ஆண்டுகள் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை நூல்களில் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே கன்றுகளிடம் சந்தித்துவிட்டேன்.

கொம்பு முளைத்து வளரும் முன்பே கன்றின் கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுவது எங்கள் தொழிலில் வழக்கமான வேலை. வளர்ந்த மாடுகள் ஒன்றையொன்று குத்திக் கிழிக்காமலும், பக்கத்தில் நிற்கும் ஆட்களைக் காயப்படுத்தாமலும் இருப்பதற்காக அதைச் செய்கிறோம். பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலைக் குருத்தின் மேல் வைத்து அழுத்திச் சுழற்ற வேண்டும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் மரத்துப்போகும் ஊசி போடாமலே அதைச் செய்தோம். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் உடலைச் சுவரோடு சேர்த்து நெருக்கிக்கொள்வார். கன்று முன்னங்கால் மடிந்து விழும், வாயைப் பிளந்து கத்தும். வேலை முடிந்து விட்ட பிறகும் நெடுநேரம் காதுகளை அடித்துக்கொண்டு, தலையை உதறிக்கொண்டே நிற்கும். பிடித்து நிறுத்தியது பொறுக்காமல் திமிறுகிறது, அவ்வளவுதான் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்குப் பின் வந்தவர்களுக்கு நானும் அதையே சொல்லித் தந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள், கண்ணுக்கும் குருத்துக்கும் நடுவே எலும்பின் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பின் அருகே, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் என்ற மருந்தைச் செலுத்தி, சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அதே சூட்டுக்கோலை வைத்தேன். அதே ஆட்கள், அதே பிடி, அதே புகை, முடி கருகும் அதே வாடை. கன்று திமிறவில்லை. காது கூட அசையாமல் நின்றது.

பிடித்து நிறுத்தியதால் அல்ல, வலியால்தான் அத்தனை கன்றுகளும் துடித்தன என்பது அன்று எனக்கு உறைத்தது. அறம் என்பது மனிதர்களின் ஏற்பாடு என்று எழுதிய வாசகரின் கணக்குப்படி, நான் முன்பு செய்தது அன்றைய ஏற்பாட்டின்படி சரி, இன்றைய ஏற்பாட்டின்படி தவறு. இரண்டுக்கும் நடுவில் மாறியது எங்கள் வழக்கம் மட்டுமே. என்னால் இதை ஏற்க முடியவில்லை. ஊசி போடும் வழக்கம் வந்த நாளில் அந்தச் செயல் தவறாக மாறவில்லை. முதல் கன்றின் தலையில் நான் சூட்டுக்கோலை வைத்தபோதே அது தவறுதான், எனக்குத் தெரியவில்லை. கொட்டகையில் இருந்த மனிதர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டிருந்தோம் என்பது அதைச் சரியாக்கிவிடவில்லை. அந்த உடன்பாட்டில் சேராதது கன்று ஒன்றுதான்.

விலங்குகள் விஷயத்தில் மட்டும் நேர்ந்த பிழை அன்று இது. 1980களின் நடுப்பகுதி வரை, முன்னேறிய நாடுகளின் மருத்துவமனைகளிலேயே, பிறந்த குழந்தைகள் பலருக்கு வலியைப் போக்கும் மயக்க மருந்து போதிய அளவில் தராமல், தசையைத் தளர்த்தி அசையாமல் வைக்கும் மருந்தை மட்டும் கொடுத்து அறுவை செய்தார்கள். சிசுவின் நரம்பு மண்டலம் வலியை உணரும் அளவுக்கு முதிரவில்லை என்று நம்பப்பட்டது. அந்தச் சின்ன உடல் மயக்க மருந்தைத் தாங்காது என்ற அச்சமும் இருந்தது. ஆய்வுகள் வெளிவந்த பின், 1987இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அந்த நடைமுறைக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. அந்தக் காலத்தில் அறுவைக்கு உள்ளான குழந்தையின் தாயிடம் போய், ‘அப்போது அது தவறு இல்லை, பின்னால்தான் தவறாயிற்று’ என்று எவராவது சொல்வார்களா? மருத்துவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தவறிவிட்டார்கள் என்கிறேன். தவற முடியும் என்றால், தவறாமல் அடைய வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்றுதானே பொருள்?

இதற்கு வாசகர் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். அது பலமான மறுப்பும் கூட. ‘நீங்கள் கண்டுபிடித்தது கன்றுக்கு வலிக்கிறது என்ற அறிவியல் உண்மையை. வலியை உண்டாக்குவது தவறு என்பது நீங்களாக அதன்மேல் வைத்த மதிப்பீடு’ என்று அவர் சொல்லலாம். ஆனால் வலி என்பது முதலில் வெறும் நிகழ்ச்சியாக இருந்து, பிறகு நாம் வந்து அதற்குத் தீமை என்று பெயர் சூட்டும் பொருள் அன்று. கால் ஊனமான இறைச்சிக் கோழிகளை வைத்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வலிநிவாரணி கலந்த தீவனம் ஒன்றும் கலக்காத தீவனம் ஒன்றும் அவற்றின் முன் வைக்கப்பட்டன. நொண்டும் கோழிகள் நல்ல நிலையில் இருந்தவற்றைவிட மருந்து கலந்த தீவனத்தை அதிகமாகத் தின்றன. நொண்டல் கூடக்கூட மருந்தின் அளவும் கூடியது. அந்தக் கோழிக்கு அறநூலும் தெரியாது, நம் ஏற்பாடுகளும் தெரியாது. தன் காலில் இருப்பது தனக்கு ஆகாதது, அது போக வேண்டும் என்பதை நம்மைக் கேட்காமலே அது காட்டிவிட்டது.

‘அதற்கு ஆகாதது சரி, எனக்கு என்ன?’ என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதுதான் உண்மையிலேயே கடினமான படி. நாளைக்கு எனக்கு வரப்போகும் பல்வலியை இன்று நான் உணரவில்லை. ஆனாலும் அதைத் தவிர்க்க இன்றே ஏதாவது செய்ய எனக்குக் காரணம் உண்டு என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். ‘நாளைய வலி நாளைக்கு இருப்பவன் பாடு’ என்பவனை நாம் மாற்றுக் கருத்து உள்ளவன் என்று சொல்வதில்லை, யோசிக்கத் தெரியாதவன் என்கிறோம். இப்போது உணராத வலி எனக்குக் காரணமாக முடியும் என்றால், இந்த உடலில் இல்லாத வலி மட்டும் ஏன் முடியாது? இன்னா செய்யாமை அதிகாரத்தின் ஒரு குறளில் வள்ளுவர் செய்வதும் இதுவே. தன் உயிருக்குத் துன்பமானது எது என்று தானே அறிந்தவன், அதைப் பிற உயிருக்கு ஏன் செய்கிறான் என்று கேட்கிறார். அந்தக் குறளில் அவர் கட்டளை இடவில்லை, தண்டனையைக் காட்டி மிரட்டவும் இல்லை. ஒருவன் ஏற்கெனவே அறிந்திருப்பதை அவனிடமே எடுத்துக்காட்டிக் காரணம் கேட்கிறார்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் கில்பர்ட் ஹார்மன் 1977இல் ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்தார். தெருமுனையில் திரும்புகிறீர்கள், சிலர் ஒரு பூனையின்மேல் பெட்ரோலை ஊற்றித் தீ வைக்கிறார்கள். அது தவறு என்று நீங்கள் யோசித்து முடிவு கட்டுவதில்லை, பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஆனால் அப்படித் தெரிவதற்கு உங்கள் வளர்ப்பும் மனப்பாங்குமே போதிய விளக்கம், ‘தவறு’ என்று ஒன்று வெளியே இருக்க வேண்டியதில்லை என்பது ஹார்மனின் வாதம். நான் பல ஆண்டுகள் இந்த வாதத்துக்கு விடை தெரியாமல் இருந்தேன். இப்போது என் விடை இது: என் வளர்ப்பும் தொழிற்பயிற்சியும் கன்றைச் சுடுவது சரி என்றே எனக்குக் கற்பித்திருந்தன. நான் ஏன் அத்தனை ஆண்டுகள் பார்க்கவில்லை என்பதற்கு வேண்டுமானால் அவை விளக்கமாகலாம். பார்த்ததற்குக் காரணம் எதிரே நின்ற கன்று.

இரக்கம் என்பதே பரிணாமம் நமக்குள் வைத்த உணர்ச்சி, அதை உண்மை என்று எண்ணி ஏமாறுகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. தன் குஞ்சையும் தன் கூட்டத்தையும் காக்கும் உணர்ச்சியைப் பரிணாமம் தந்திருக்கலாம். நண்டின்மேல் இரக்கத்தை அது எவருக்கும் தந்ததாகத் தெரியவில்லை. நண்டுக்கு முகபாவம் இல்லை, குரல் இல்லை, தொட்டுத் தடவ ரோமம் இல்லை. ஆயினும் பிரிட்டன் 2022இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம், நண்டு, இறால் வகைகளையும் கணவாய், எண்காலி (ஆக்டோபஸ்) வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றது. அதற்கு முன் 300க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்த அறிஞர் குழு ஒன்றின் அறிக்கை இருந்தது. உணர்ச்சி நின்றுவிட்ட இடத்துக்கு அப்பாலும் அறிவு நடந்து போய், அங்கேயும் ஓர் உயிர் துன்புறக்கூடும் என்று கண்டு, அதற்கேற்ப நடந்துகொள்ள நம்மைப் பணித்திருக்கிறது.

இனி கட்டுரையாளருக்கு, நம்பிக்கையாளன் என்ற உரிமையோடு. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளாட்டோ எழுதிய உரையாடலில் சாக்ரடீஸ் எழுப்பிய கேள்வியைத் தாங்கள் கடந்துவிட்டீர்கள். கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா? முதலாவதுதான் சரி என்றால், கன்றைக் காரணமின்றிச் சுடும்படி அவர் கட்டளையிட்டிருந்தால் அதுவும் நன்மையாகிவிடும். தங்கள் உள்ளம் அதை ஒப்பாது என்று நம்புகிறேன். கடவுளின் இயல்பே கருணை, அவர் அப்படிக் கட்டளையிடவே மாட்டார் என்று தாங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் கருணை நல்லது என்பதை ஏற்கெனவே அறிந்திருப்பதால்தானே அதை அவர் இயல்பு என்று போற்றுகிறோம்? ‘நீ நல்லவன்’ என்று இறைவனைத் துதிக்கும்போது ‘நீ நீயாக இருக்கிறாய்’ என்று மட்டும் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. கன்றின் வலி தீயது என்பதற்குக் கடவுளின் ஒப்புதல் தேவையில்லை என்று சொல்வது அவருடைய பெருமையைக் குறைக்காது. அந்த வலியை நம் எல்லோரையும்விட முழுமையாக அறிந்தவர் அவர் என்பதே என் நம்பிக்கை.

இதில் கடவுள் மறுப்பாளர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வில்லியம் ரோ என்ற தத்துவ அறிஞர் 1979இல் எழுதிய கட்டுரையில், மின்னல் விழுந்து பற்றிய காட்டுத்தீயில் சிக்கி, வெந்து, எவர் கண்ணிலும் படாமல் பல நாள் துடித்துச் சாகும் மான்குட்டி ஒன்றைக் காட்டினார். எல்லாம் வல்ல கருணைக் கடவுள் இருந்தால் இதை ஏன் தடுக்கவில்லை என்பது அவருடைய கேள்வி. டார்வினும் 1860இல் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய மடலில், உயிருள்ள புழுவின் உடலுக்குள் இருந்து தின்று வளரும் குளவி இனத்தை, கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். நம்பிக்கையாளனான என்னை வேறெந்த வாதத்தைவிடவும் அந்த மான்குட்டிதான் வருத்துகிறது. நிறைவான மறுமொழி என்னிடம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அதன் துன்பம் உண்மையிலேயே தீயது என்று கொண்டால்தான் அந்த வாதம் என் மார்பில் தைக்கும். ‘உன் கொள்கைக்குள்ளேயே இருக்கும் முரணைத்தான் காட்டுகிறேன், தீமை என்று உண்மையில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லி ஒருவர் நழுவலாம். அப்படிச் சொல்பவருக்கு அந்த மான்குட்டிக்காகக் கோபப்படும் தகுதி போய்விடுகிறது. நான் சந்தித்த மறுப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் உண்மையாகவே கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

அறவுண்மை புறவயமானது, அதாவது எவருடைய கருத்தையும் சாராதது என்றால் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கையில் இருக்கிறது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். வலியில்லாமல் கொல்வது தீங்கா, ஒரு நோய்க்கு மருந்து காண எத்தனை எலிகளைத் துன்புறுத்தலாம், புலியிடமிருந்து மானைக் காப்பது நம் கடமையா என்பவற்றில் எனக்கே தெளிவு இல்லை. தெளிவு இல்லை என்று நான் தவிப்பதும், எங்கோ ஒரு சரியான விடை இருக்கிறது, நான்தான் இன்னும் எட்டவில்லை என்று எண்ணுவதால்தான். எல்லாம் அவரவர் ஏற்பாடு என்றால் தவிக்க வேண்டியதே இல்லை. கை தூக்கி எண்ணிவிட்டுப் போகலாம்.

ஊசியில்லாமல் நான் சுட்ட கன்றுகள் எத்தனை என்று கணக்கு வைத்திருக்கவில்லை. அவற்றிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாததால் கடவுளிடம் கேட்கிறேன். கேட்கும்போது, உன் கட்டளையை மீறிவிட்டேன் என்று நான் சொல்வதில்லை. அப்படியொரு கட்டளையை எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவற்றுக்கு வலித்தது என்றுதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்