டச்பேட் டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லேப்டாப் தயாரிப்பவர்களுக்கும் அதன் டச்பேடுக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், எழுதுபவர்களுக்கும், வணக்கம்.

என் லேப்டாப்பைச் செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் மற்றவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். இரவோடு இரவாக ஏதோ அப்டேட் ஆகியிருந்தது. இரண்டு விரலால் தள்ளினேன், பக்கம் அசையவில்லை. சரி, செட்டிங்ஸில் பார்க்கலாம் என்று போனால் டச்பேட் பகுதியையே காணோம். கடிதம் ஒன்றை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் முழுக் கூத்தும் தெரிந்தது. கட்டைவிரலின் அடிப்பகுதி லேசாக உரசினாலே போதும், அம்புக்குறி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கிளிக் விழுந்துவிடும். ‘தெரிவித்துக்கொள்’ கடைசி வரியில் இருக்கும், ‘கிறேன்’ மூன்று வரி மேலே போய் யாருடைய பெயருக்கு நடுவிலோ உட்கார்ந்திருக்கும்.

கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டச்பேட் இருந்த இடத்தில் ‘பிஎஸ்/2 மவுஸ்’ என்று இருந்தது. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த கணினிகளின் பெயர் அது. உங்கள் டிரைவரை அப்டேட் தூக்கிவிட்டுப் பொதுவான ஒன்றைப் போட்டதும், டச்பேட் பழைய மவுஸ் வேஷம் கட்டிக்கொண்டது. மவுஸுக்குத் தெரிந்ததெல்லாம் நகர்வதும் பொத்தானும்தான். இத்தனை விரல், இது உள்ளங்கை என்ற கணக்கெல்லாம் அதற்கு எங்கே தெரியும்? பரப்புக்கு அடியில் இருக்கும் மின்முனைகள், தொட்ட இடத்தில் மின்தேக்கம் மாறியதை மட்டும் சொல்லும். அது விரலா கையா என்று தீர்மானிப்பது மென்பொருள். அந்த மூளையைத்தான் ஒரே இரவில் கழற்றிவிட்டீர்கள்.

பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது. உங்கள் தளத்தில் என் மாடலின் பக்கம் இருக்கிறது, அதில் டிரைவர் இல்லை. உதவி மையத்தில் கேட்டால் கணினியை ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். காலில் முள் குத்தியதற்கு வீட்டையே இடிக்கச் சொல்வது போல!

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லாக் கோளாறும் டிரைவரால் வருவதில்லை. சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கர்சர் நடுங்கினால் சார்ஜரிலிருந்து வரும் மின்னிரைச்சலைச் சந்தேகிக்கவேண்டும். டச்பேட் மேலே புடைத்து, கிளிக் இறுகிப்போயிருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். லேப்டாப்பை உடனே நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கக் கொடுக்கவேண்டும், விளையாட்டு இல்லை. உங்கள் உதவி மையம் என்னிடம் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ரீசெட்.

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. 2013-இல் விண்டோஸ் 8.1-உடன் வந்த பிரிசிஷன் டச்பேட் முறையில், விரல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் டச்பேட் சொல்கிறது. அது ஸ்க்ரோலா, தட்டலா என்று இயங்குதளம் முடிவு செய்கிறது. லினக்ஸில் லிப்இன்புட் என்ற மென்பொருள் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. புது மாடல்கள் பலவும் இந்த வழிக்கு வந்துவிட்டன, நல்லது. ஆனால் உங்கள் சொந்த டிரைவரையே நம்பி விற்ற பழைய மாடல்கள் எங்கள் மேசைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விற்ற மாடலுக்கான கடைசி நல்ல டிரைவரைத் தளத்திலேயே விட்டுவையுங்கள். சில மெகாபைட்டுகள், அவ்வளவுதான். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரை மாற்றும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். டச்பேட் வேலை செய்யாதவர் டேப் விசையாலேயே போய் டிரைவரை நிறுவ முடிகிறதா என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன், உங்கள் டவுன்லோடு பக்கத்தில் பொத்தானுக்குப் போய்ச் சேர 43 முறை டேப் அழுத்தவேண்டியிருந்தது. அங்கே போனால் கோப்பு இல்லை.

என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டிருப்பதாக நேற்று மின்னஞ்சல் வந்தது. தயவுசெய்து அதை மறுபடி திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வெளியே மவுஸ் செருகி எழுதும் ஒரு வாடிக்கையாளர்